ஊசிக்கு ஒரு நாள், பயிற்சிக்கு மூணு மாசம்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)

 

செயலாளர் சார் போன் பண்ணி, "இன்டஸ்ட்ரி 4.0 பத்தி இருபது நிமிஷம் பேசிடுப்பா"ன்னு சொன்னார். சார், அதைப் பத்திப் பேச முன் வரிசையிலேயே நாலு பேர் உட்கார்ந்திருக்காங்க. எனக்கு ஒரு முழங்கையைப் பத்திப் பேச அனுமதி குடுங்கன்னு கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "சரி, சீக்கிரம் முடிச்சிடு"ன்னார். அந்தப் பெருந்தன்மைக்கு நன்றி.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் டாக்டர் இல்லை. இதே கட்டடத்தின் பின்பக்கம் ஸ்ட்ரென்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் லேபில், இரும்புக் கம்பியை யூ.டி.எம். மெஷினில் மாட்டி, அது 'டப்'பென்று அறுந்தால் கைதட்டிய மெக்கானிக்கல் மாணவன். இன்றைக்கு ஒரு பம்ப் தயாரிக்கும் தொழிற்சாலையில் அசெம்பிளி பிரிவுக்குப் பொறுப்பாக இருக்கிறேன். மருத்துவ விஷயத்தில் எனக்கு ஏன் இவ்வளவு அக்கறை வந்தது என்றால், என் பிரிவில் வேலை செய்யும் ஒரு ஃபிட்டர் என்னிடம் கேட்ட ஒரு கேள்விதான் காரணம். அவர் பெயர் வேண்டாம். நாங்கள் எல்லோரும் அவரை 'அண்ணன்' என்றுதான் கூப்பிடுவோம். நாற்பத்து நாலு வயது. கான்ட்ராக்டில் இருப்பவர், நாள் கூலி.

அண்ணனுக்கு வலது முழங்கையின் வெளிப்பக்கம் வலி. டம்ளரைத் தூக்கினால் வலிக்கும், ஈரத்துணியைப் பிழிந்தால் வலிக்கும், யாராவது கை குலுக்கினால் உயிரே போகும். இதற்கு டாக்டர்கள் வைத்திருக்கும் பெயர் டென்னிஸ் எல்போ. அவர் வாழ்க்கையில் டென்னிஸ் மட்டையைத் தொட்டதே இல்லை. இந்த வலி வருகிறவர்களில் பெரும்பாலானவர்கள் அப்படித்தான். சச்சின் டெண்டுல்கருக்கு 2004-ல் இது வந்து, 2005 மே மாதம் லண்டனில் ஆபரேஷன் செய்துகொண்டதால் நம் ஊரில் எல்லோருக்கும் பெயர் பழக்கமாகிவிட்டது. ஆனால் இது உண்மையில் ஸ்பானர் பிடிக்கிறவர், பெயின்ட் அடிக்கிறவர், மாவு அரைத்துத் துணி துவைக்கிற அம்மாமார், நாள் முழுக்க மவுஸ் பிடிக்கிற நம் ஐ.டி. நண்பர்கள் எல்லோருக்கும் வருகிற வலி.

அண்ணன் ஊரில் ஒரு கிளினிக்கில் ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொண்டார. நாலே நாளில் வலி பறந்துவிட்டது. "சார், மந்திரம் மாதிரி இருக்கு" என்றார். ஓவர்டைம் பார்த்தார். மூன்றாம் மாதம் வலி திரும்பி வந்தது. இரண்டாவது ஊசி. இந்த முறை நிம்மதி ஆறு வாரம்தான். மூன்றாவது ஊசிக்குப் போனபோது வேறொரு எலும்பு டாக்டர், "இனிமே ஊசி வேண்டாம், பன்னிரண்டு வாரம் பிசியோதெரபி பயிற்சி பண்ணுங்க" என்று எழுதிக் கொடுத்துவிட்டார். அந்தச் சீட்டோடு என் மேசைக்கு வந்து நின்று அண்ணன் கேட்டது இது: "சார், ஊசின்னா ஒரு நாள் லீவு. எக்சர்சைஸ்னா மூணு மாசம். எது நல்லதுன்னு படிச்சவங்க நீங்க சொல்லுங்க. அந்த மூணு மாசம் என் வீட்டுக்கு யார் சம்பளம் குடுப்பா, அதையும் சொல்லுங்க."

இரண்டு கேள்வி. முதல் கேள்விக்கு நான் தேடிப் படித்ததை முதலில் சொல்கிறேன். இரண்டாவதுதான் உங்களில் மேனேஜர் நாற்காலியில் இருக்கிறவர்களுக்கானது.

தசையை எலும்போடு கட்டி வைத்திருக்கும் கயிறுதான் தசைநாண், டெண்டான். தேங்காய் நார்க் கயிற்றை அவிழ்த்துப் பார்த்தால் புரி, புரிக்குள் புரி, அதற்குள் நார் என்று இருக்குமே, அதே அமைப்பு. நார் இங்கே கொலாஜன் என்ற புரதம். சும்மா இருக்கும்போது இந்த நார்கள் லேசாக நெளிநெளியாக இருக்கும். இழுத்தால் முதலில் நெளிவு நிமிரும், பிறகு நேர்கோட்டில் பாரம் ஏறும், அதற்கும் மேலே போனால் நார் நாராக அறும். நாம் லேபில் வரைந்த ஸ்ட்ரெஸ்-ஸ்ட்ரெயின் கிராஃப்தான். ஆரம்பத்தில் மட்டும் ஒரு சின்ன வளைவு கூடுதல். முழங்கை வெளிப்பக்கத்து மேட்டில் வந்து கட்டியிருப்பது மணிக்கட்டை மேலே தூக்கும் தசைகளின் நாண். எதையாவது இறுகப் பிடிக்கும்போதெல்லாம் மணிக்கட்டு மடங்காமல் தாங்குவது இந்தத் தசைகள்தான். அதனால்தான் டம்ளரைப் பிடித்தாலும் முழங்கையில் வலிக்கிறது.

இந்தக் கயிற்றுக்கும் இரும்புக் கம்பிக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. இது உயிருள்ள கயிறு. பாரம் கொடுத்தால் தன்னைத் திடமாக்கிக்கொள்ளும். பாரமே கொடுக்காமல் கட்டுப் போட்டு வைத்தால் வாரக்கணக்கில் பலவீனமாகும். ஆனால் எல்லாம் ரொம்ப ரொம்ப மெதுவாக நடக்கும். எவ்வளவு மெதுவாக என்பதற்கு டென்மார்க்கில் ஒரு அழகான வேலை செய்தார்கள். 1950-களிலும் 60-களின் தொடக்கத்திலும் வல்லரசுகள் வெட்டவெளியில் அணுகுண்டு வெடித்துப் பார்த்ததில், காற்றில் கார்பன்-14 ஏகத்துக்கும் ஏறி, பிறகு வருஷா வருஷம் இறங்கியது. அந்தந்த வருஷம் உடம்பில் உருவான திசுவில் அந்தந்த வருஷத்துக் கார்பன் முத்திரை இருக்கும். காஸ்டிங் மேல் தேதி குத்துகிற மாதிரி! குதிகாலில் இருக்கும் அக்கிலிஸ் நாணில் இதை அளந்து 2013-ல் வெளியிட்டார்கள். நாணின் மையப் பகுதி ஏறக்குறைய பதினேழு வயதுக்குள் உருவானது, அதற்குப் பிறகு புதுப்பிக்கப்படுவதே இல்லை என்று சொல்லலாம் என்பது முடிவு. முதலாமாண்டு தம்பிகளே, நீங்கள் அட்மிஷனுக்கு வரும்போது காலில் கட்டிக்கொண்டு வந்த கயிறுதான் கடைசி வரைக்கும். ஸ்பேர் பார்ட் கிடையாது.

இப்போது ஊசிக்கு வருகிறேன். கார்டிசோன் சின்ன மருந்து இல்லை. 1948-ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் பிலிப் ஹெஞ்ச் என்ற மருத்துவர், மூட்டு வாதத்தால் நடக்கக்கூட முடியாமல் கிடந்த ஒரு பெண்ணுக்கு இதைக் கொடுத்தார். சில நாட்களில் அந்தப் பெண் எழுந்து நடந்தார். ஹெஞ்சுக்கும், கெண்டல், ரைக்ஸ்டைன் ஆகிய இருவருக்கும் 1950-ல் நோபல் பரிசு. அழற்சியை, அதாவது வீங்கிச் சிவந்து சூடாகிற அந்த எதிர்வினையை, அணைக்கிற மருந்து இது. முழங்கை வலிக்கும் 'டெண்டனைட்டிஸ்', நாண் அழற்சி என்றே பெயர் வைத்திருந்ததால், அழற்சிக்கு உள்ள மருந்தை அங்கே போடுவது இயல்பாக வந்தது.

சிக்கல் என்னவென்றால், நாள்பட்ட வலியுள்ள நாணை ஆபரேஷனில் எடுத்து மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால், எதிர்பார்த்த அழற்சி அணுக்கள் பெரிதாக இல்லை. 1979-லேயே அமெரிக்க அறுவை மருத்துவர் நிர்ஷல் இதை எழுதினார். அங்கே இருந்தது நார்கள் வரிசை கலைந்து, சிக்கு விழுந்த நூல்கண்டு மாதிரி ஆகிப்போன திசு. நம் பாஷையில் சொன்னால், ஃபயர் அலாரம் அடிக்கிறதென்று தண்ணீர் ஊற்றுகிறோம். அங்கே தீயைவிடத் தேய்மானம்தான் அதிகம். அதிலும் ஸ்டீராய்டு, நாணின் செல்கள் புதிதாகக் கொலாஜன் செய்வதைக் குறைக்கிறது என்று சோதனைக்கூடங்களில் பலமுறை பார்த்திருக்கிறார்கள்.

சரி, இது லேப் கணக்கு. ஆளுக்கு என்ன ஆகிறது? இங்கேதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. 2002-ல் நெதர்லாந்தில் 185 டென்னிஸ் எல்போ நோயாளிகளை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு ஸ்டீராய்டு ஊசி, ஒரு பிரிவுக்குப் பிசியோதெரபி, ஒரு பிரிவுக்கு 'பொறுத்துப் பார்ப்போம்' என்ற ஆலோசனை மட்டும். ஆறாவது வாரம் பார்த்தால் ஊசிக்காரர்களில் நூற்றுக்கு 92 பேர் தேறிவிட்டார்கள். பிசியோதெரபியில் 47, பொறுத்தவர்களில் 32. இந்த இடத்தில் ஆராய்ச்சியை நிறுத்தியிருந்தால் ஊசிக்குச் சிலையே வைத்திருப்பார்கள். நிறுத்தவில்லை. ஒரு வருஷம் கழித்துத் திரும்ப எண்ணினார்கள். பிசியோதெரபி 91. பொறுத்தவர்கள் 83. ஊசி போட்டவர்கள் 69.

திரும்பப் படித்துப் பார்த்தேன். ஒன்றுமே செய்யாமல் இருந்தவர்களைவிட ஊசி போட்டவர்கள் கீழே. கிராஃபில் இரண்டு கோடுகள் ஒன்றையொன்று வெட்டித் தாண்டிப் போகின்றன. மினி புராஜெக்டில் இப்படி ஒரு கிராஃப் வந்தால் நம்ம எச்.ஓ.டி. "அளவெடுத்ததில் தப்பு இருக்கும், மறுபடி எடு" என்றுதான் சொல்லியிருப்பார். அப்படியே மறுபடி எடுத்தார்கள். 2006-ல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் 198 பேர். அதே கதை: ஆறு வாரத்தில் ஊசி முன்னால், ஆனால் ஊசியில் தேறியவர்களில் பத்துக்கு ஏழு பேருக்கு வலி திரும்பியது. 2013-ல் அதே ஊர்க்காரர்கள் இன்னும் கெட்டிக்காரத்தனமாக ஒன்று செய்தார்கள். ஊசி குத்தியதாலா, மருந்தாலா என்று பிரித்துப் பார்க்க, 165 பேரில் ஒரு பாதிக்கு ஸ்டீராய்டு, மறு பாதிக்கு மருந்தில்லாத வெறும் உப்புநீர். யாருக்கு எது என்று நோயாளிக்குத் தெரியாது. ஒரு வருஷத்தில் உப்புநீர்க்காரர்களில் 96 சதவீதம் பேர் நன்றாகத் தேறினார்கள், ஸ்டீராய்டில் 83. வலி திரும்பியது உப்புநீரில் 12 சதவீதம், ஸ்டீராய்டில் 54. இதற்குப் பிறகு எனக்குச் சந்தேகம் போய்விட்டது. டென்னிஸ் எல்போவில் ஸ்டீராய்டு ஊசி கடன் மாதிரி. கையில் காசு உடனே வரும், வட்டி வருஷக் கடைசியில் வரும்.

இன்னொரு விஷயத்தையும் இந்த எண்களிலிருந்து நேர்மையாகச் சொல்லவேண்டும். பொறுத்தவர்களுக்கே 83 வந்திருக்கிறது, பாருங்கள். அப்படியென்றால் முழங்கை வலியில் பெரும் பங்கைக் காலமே ஆற்றிவிடுகிறது. பயிற்சிதான் எல்லாம் என்று மேடையில் மார்தட்ட எனக்கு மனசு வரவில்லை. தோள்பட்டை நாண் வலிக்கு 2021-ல் இங்கிலாந்தில் 708 பேரிடம் செய்த பெரிய ஆய்வு ஒன்று உண்டு. பல தடவை பிசியோதெரபிஸ்டிடம் போய்ப் படிப்படியாகச் செய்த பயிற்சியும், ஒரே ஒரு தடவை நன்றாக உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்து அனுப்பியதும், ஒரு வருஷத்தில் சமமாகவே நின்றன. ஊசி அங்கே முதல் எட்டு வாரத்துக்குக் கொஞ்சம் உதவியது, அதன்பின் இல்லை. இடுப்புப் பக்கவாட்டு நாண் வலிக்கு ஆஸ்திரேலியாவில் 2018-ல் வெளியான ஆய்விலோ, பயிற்சியும் விளக்கமும் எட்டாம் வாரத்திலேயே ஊசியை முந்திவிட்டன: தேறியவர்கள் 77-க்கு 58. ஆக, நாணுக்கு நாண் கணக்கு மாறும். "டெண்டானா, ஊசி வேண்டாம்" என்று ஒரே வரியில் சொல்லி வீட்டுக்கு அனுப்பக்கூடாது.

ஏனென்றால் ஊசி நன்றாக வேலை செய்கிற இடங்களும் இருக்கின்றன. விரலை மடக்கினால் மாட்டிக்கொண்டு 'டக்'கென்று விடுமே, டிரிகர் ஃபிங்கர், அதற்கும், கட்டைவிரல் பக்கம் மணிக்கட்டில் வரும் டி குவெர்வேன் வலிக்கும் ஸ்டீராய்டு ஊசி பலருக்கு நல்ல பலன் தருகிறது. கைக்குழந்தையைத் தூக்கித் தூக்கி இந்த இரண்டாவது வலி வந்த இளம் தாய்மார் நிறையப் பேர். அங்கெல்லாம் பிரச்சினை பெரும்பாலும் நாண் ஓடுகிற உறையில், குழாய்க்குள் கேபிள் இறுகுகிற மாதிரி. கேபிளே நைந்துபோவது வேறு கேஸ். அதற்கு நேர் எதிராகக் குதிகால் அக்கிலிஸ் நாணுக்குள் ஸ்டீராய்டு போட, விவரம் தெரிந்த டாக்டர்கள் தயங்குவார்கள். ஓடும்போது உடல் எடையைப் போல் பல மடங்கு பாரம் தாங்குகிற நாண் அது. அறுந்தால் துப்பாக்கி வெடித்த மாதிரி சத்தம் கேட்டதாகச் சொல்வார்கள். இங்கே சர்க்கரை உள்ளவர்கள் நிறையப் பேர் இருப்பீர்கள்: ஸ்டீராய்டு ஊசிக்குப் பிறகு சில நாட்கள் ரத்தச் சர்க்கரை ஏறும். போடும்முன் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

பயிற்சி என்ற பக்கத்துக்கு ஆரம்பம் ஒரு வேடிக்கையான கதை. ஸ்வீடனில் ஊமியோ என்ற ஊர். ஹோகன் ஆல்ஃப்ரெட்சன் என்ற எலும்பு மருத்துவருக்கே அக்கிலிஸ் வலி, ஓட முடியவில்லை. தனக்கு ஆபரேஷன் பண்ணச் சொல்லித் தன் மேலதிகாரியிடம் கேட்டார். அவர் மறுத்துவிட்டார். சரி, நாணை இன்னும் கெடுத்துவிட்டால் வேறு வழியில்லாமல் பண்ணித்தானே ஆகவேண்டும் என்று, படிக்கட்டு ஓரத்தில் முன்பாதத்தில் நின்று குதிகாலைக் கீழே இறக்குகிற பயிற்சியை வலிக்க வலிக்கச் செய்தார். நாண் கெடவில்லை. வலி போய்விட்டது! பிறகு முறைப்படி, ஆபரேஷனுக்குக் காத்திருந்த 15 ஓட்டக்காரர்களுக்கு அதையே கொடுத்தார். முழங்காலை நீட்டி 15 தடவை வீதம் மூன்று சுற்று, மடக்கி மூன்று சுற்று, காலை மாலை இரண்டு வேளை. மொத்தம் நாளுக்கு 180, பன்னிரண்டு வாரம். பதினைந்து பேரும் பழையபடி ஓடத் தொடங்கினார்கள். 1998-ல் வெளிவந்த அந்தக் கட்டுரைக்குப் பிறகுதான் உலகம் முழுக்க இந்த வழி பரவியது.

அதன் சூட்சுமம் இறக்குவதில். கிணற்றில் தண்ணீர் இறைத்தவர்கள் கையைத் தூக்குங்கள். ஹாஸ்டலில் தண்ணி வராத நாளில் இறைத்தவர்களும் தூக்கலாம்! நிறைகுடத்தை மேலே இழுப்பது ஒரு வேலை. அதையே சத்தமில்லாமல், கயிறு கையை விட்டு ஓடாமல், பிடித்துப் பிடித்து இறக்குவது வேறு வேலை. தசை நீண்டுகொண்டே பாரம் தாங்குகிறது. தசை அந்த நிலையில் அதிகப் பாரம் தாங்கும். நாணுக்கு அளவான, மெதுவான இழுவை கிடைக்கிறது. பிற்பாடு டென்மார்க்கில், ஏற்றி இறக்கி இரண்டையும் கனமான எடையோடு மெதுவாகச் செய்தாலும் நன்றாகவே பலிக்கிறது என்று 2009-ல் காட்டினார்கள். முழங்கால் நாணில் செய்த அந்த ஆய்விலும், ஊசி போட்ட குழு அரை வருஷத்தில் சறுக்கியது.

நைந்துபோன திசு அப்படியே புதுசாகிவிடுமா? இல்லை. ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் இதற்கு டோனட் என்ற பலகாரத்தை உதாரணம் சொல்கிறார்கள். நமக்கு மெதுவடை இருக்கிறது. ஓட்டையை அடைக்க முடியாது. ஆனால் ஓட்டையைச் சுற்றி இருக்கிற நல்ல வடையைக் கெட்டிப்படுத்தலாம், அது மொத்தப் பாரத்தையும் தாங்கும். ஓட்டை விழுந்த பிளேட்டைச் சுற்றித் தடிமன் கூட்டுவது நமக்குப் புதுசா என்ன?

இனி அண்ணனின் இரண்டாவது கேள்வி. உண்மையில் எனக்குத் தூக்கத்தைக் கெடுத்தது இதுதான். ஆராய்ச்சியெல்லாம் ஒரு வருஷம் கழித்து எண்ணிப் பார்க்கிறது. நாள் கூலிக்காரர் சனிக்கிழமை எண்ணிப் பார்க்கிறார். ஆறு வாரத்தில் 92 என்கிற ஊசி அவர் காலண்டருக்குப் பொருந்துகிறது. அவர் ஊசியைத் தேர்ந்தெடுத்ததில் முட்டாள்தனம் ஒன்றும் கிடையாது. ஈ.எஸ்.ஐ. அட்டை உள்ளவருக்கு நோய் விடுப்பில் 70 சதவீதக் கூலி, வருஷத்துக்கு 91 நாள் வரை, சட்டப்படி உண்டு. ஆனால் முழங்கை வலிக்கு மூன்று மாதம் வீட்டில் உட்காரப் போகிறேன் என்றால், திரும்பி வரும்போது இடம் இருக்குமா என்பது அவர் பயம். அந்தப் பயம் நியாயமானது.

யோசித்துப் பார்த்ததில், வீட்டில் உட்காரவே தேவையில்லை என்று தெரிந்தது. நாணுக்கு வேண்டியது முழு ஓய்வும் இல்லை, பழைய பாரமும் இல்லை, அளந்த பாரம். பாரத்தை அளப்பது யார் தொழில், டாக்டருடையதா, நம்முடையதா? ஷிஃப்ட் போடுவது நான், டூல் வாங்குவது நான், எந்த பெஞ்சில் யார் நிற்பது என்று எழுதுவது நான். பிசியோதெரபிஸ்ட் அம்மாவைத் தொழிற்சாலைக்கே அழைத்து வந்து அண்ணன் வேலை செய்வதைக் காட்டினோம். பத்தே நிமிஷத்தில் அவர் கையை நீட்டிவிட்டார். நட் இறுக்கும் துப்பாக்கி மாதிரியான டூல், இறுக்கம் முடிகிற நொடியில் மணிக்கட்டை வெட்டித் திருப்புகிறது. அந்த உதையைத் தாங்குவது முழங்கை நாண். ஷிஃப்டுக்கு நூற்றுக்கணக்கான தடவை! அந்த உதையை வாங்கிக்கொள்ள ஒரு ரியாக்ஷன் ஆர்ம் பொருத்தினோம். டூலை பேலன்சரில் தொங்கவிட்டோம். காஸ்டிங்கை உள்ளங்கை கீழே பார்க்கத் தூக்குவதை நிறுத்தி, உள்ளங்கை மேலே பார்க்க ஏந்தித் தூக்கும்படி ரேக்கின் உயரத்தை மாற்றினோம். இரண்டு வாரத்துக்கு அண்ணனை இன்ஸ்பெக்ஷன் பெஞ்சுக்கு மாற்றினோம், கூலியில் மாற்றமில்லை. செலவு, எங்கள் லைன் ஒரு ஷிஃப்ட் நின்றால் ஆகும் நஷ்டத்தைவிடக் குறைவு. மேலிடத்தில் கையெழுத்து வாங்க நான் மூன்று தடவை மாடி ஏறி இறங்கினேன் என்பதையும் சொல்லவேண்டும். மூன்றாவது தடவை இந்த 69, 91 கணக்கை ஒரு தாளில் கோடு போட்டுக் காட்டிய பிறகுதான் பேனா எடுத்தார்கள்.

பயிற்சி என்னவோ எளிமையானதுதான். முதல் இரண்டு வாரம், முன்கையை மேசைமேல் வைத்து, மணிக்கட்டு விளிம்புக்கு வெளியே இருக்க, ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைப் பிடித்து, முக்கால் நிமிஷம் அசையாமல் தாங்குவது, ஐந்து தடவை. பிறகு இடது கையால் தூக்கிவிட்டு வலது கையால் மெதுவாக, மனசுக்குள் மூன்று எண்ணி, இறக்குவது. பதினைந்து தடவை வீதம் மூன்று சுற்று. வாரா வாரம் எடை கொஞ்சம் கூடும். வலிக்குமா என்றால் வலிக்கும். பத்துக்கு நாலு, ஐந்து என்ற அளவில் வலிக்கலாம். மறுநாள் காலையில் பழைய நிலைக்கு வந்துவிட்டால் சரி, வராவிட்டால் முந்தைய எடைக்கே திரும்பவேண்டும்.

ஐந்தாவது வாரம் அண்ணன் கோபமாக வந்தார். "பாட்டிலைத் தூக்கித் தூக்கி இறக்கினா வலி போவுமா சார்? நீங்க எல்லாம் சேர்ந்து என்னை வெச்சு வெளையாடறீங்க." அன்றைக்கு நானும் அவர்கூட டீக்கடையில் உட்கார்ந்து, கேன்டீன் பில் பின்னால் அந்த வெட்டித் தாண்டும் இரண்டு கோடுகளைப் போட்டுக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார். "அப்ப நான் இந்தக் கோட்டுல எங்க நிக்கறேன்?" என்றார். ஐந்தாவது வாரத்தில் பேனாவை வைத்துக் காட்டினேன். பில்லை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

நாலாவது மாதத்தில் இரு கையிலும் குடம் தூக்கினார். முழுக் குணம் என்று சொல்லமாட்டேன். ஆயுத பூஜைக்கு முன்னால் மெஷின் எல்லாம் துடைத்துக் கழுவுகிற வாரத்தில் லேசாக வலி எட்டிப் பார்த்தது. அவரே ஒரு வாரம் எடையைக் குறைத்துச் செய்து சமாளித்துக்கொண்டார். ஊசிக்குப் போகவில்லை. எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது வேறு: அதே லைனில் இன்னும் இரண்டு பேர், "எனக்கும் அங்க வலிக்குது சார்"ன்னு இப்போது வாயைத் திறந்து சொல்கிறார்கள். முன்பெல்லாம் சொன்னால் வேலை போய்விடும் என்று மறைத்து, தெருமுனை மெடிக்கலில் வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தவர்கள்.

உங்களில் தொழிற்சாலை, கட்டுமானம், சாஃப்ட்வேர் என்று ஆட்களை நிர்வகிக்கிறவர்கள் நிறையப் பேர். உங்கள் பிரிவில் முழங்கையை மறைத்துக்கொண்டு ஒருவராவது இருப்பார். அவரிடம் டாக்டரைப் பார் என்று சொல்வதோடு, அவர் கையில் இருக்கிற டூலை ஒரு தடவை நீங்களே வாங்கி அரை மணி நேரம் பிடித்துப் பாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

தம்பி ஒருத்தர் பேச்சுக்கு முன்னாலேயே என்னைப் பிடித்துக் கேட்டுவிட்டார்: "அண்ணே, பேட்மின்டன் ஆடி எனக்கும் முழங்கை வலிக்குது, அடுத்த வாரம் ஜோனல்ஸ், ஒரே ஒரு ஊசி போட்டுக்கலாமா?" டாக்டரிடம் காட்டுங்கள், முடிவு அவரும் நீங்களும் எடுப்பது. ஆனால் போகும்போது அவரிடம் அடுத்த வாரத்தைப் பற்றி மட்டும் கேட்காமல், அடுத்த வருஷத்து ஜோனல்ஸில் கை எப்படி இருக்கும் என்றும் கேளுங்கள். இந்த மேடையில் மேசையும் இருக்கிறது, முதல்வர் ஐயா முன்னால் தண்ணீர் பாட்டிலும் இருக்கிறது. சாப்பாட்டு மணி அடிக்க இன்னும் ஐந்து நிமிஷம் என்று செயலாளர் சார் கை காட்டுகிறார். முழங்கை வலிக்கிறவர்கள் முன்னால் வாருங்கள், எப்படி இறக்குவது என்று செய்தே காட்டுகிறேன்.